மூளைக் குருதியோட்டமும் பருவபேதமும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது எம்மவர் நாவிற் பழகிய வாக்கு. பழகிய வாக்குகளுக்கெல்லாம் நேருங் கதி இதற்கும் நேர்ந்துவிட்டது. வாய் சொல்லுகின்றது, மனம் பொருளை எண்ணுவதில்லை. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைத் தான் ஒன்றே வாங்கிக்கொள்கின்றது. வாங்கியதைச் சேமித்து வைக்க அதற்குக் களஞ்சியம் இல்லை. ஈரல் வெல்லத்தைச் சேர்த்து வைக்கும், தசை சிறிது நேரம் கடனிற் சீவிக்கும், மூளையோ அன்றாடங்காய்ச்சி. குருதி முற்றாக நின்றுவிடின் பத்து விநாடியளவில் உணர்வு மங்கும். சில நிமிடங்களில் மூளைக் கலங்கள் மடியத் தொடங்கும்.

விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் வைத்தியப் பொருளை எடுத்து எழுதப் புகுந்தமைக்குக் காரணங் கேட்பார் உளர். இக்கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர் பலர்; அவர்களுக்குக் கற்பிக்க யாம் துணியவில்லை. எமது தொழில் சொல்லும் பொருளும். இவ்விடயத்தின் நடுவே 'வயது' என்னுஞ் சொல் நிற்கின்றது. அச்சொல்லை எமது இல்லங்களில் இருவகையாகப் பிழைபட ஆளுகின்றனர். குழந்தை விழுந்து தலையில் அடிபட்டால், 'சின்னப்பிள்ளைதானே, எழும்பி ஓடிவிடும்' என்பர். முதியவர் விழுந்தால், 'வயது போய்விட்டது, இனி என்ன செய்கிறது' என்பர். முன்னையது அசட்டை, பின்னையது கைவிடல். வயது என்பது நோயாளிக்குரிய அளவை வரையறுப்பதற்குப் பயன்பட வேண்டியது. அவரை அசட்டை செய்தற்கோ கைவிடுதற்கோ சாட்டாகப் பயன்படலாகாது. இதுவே எமது கட்சி. அதனை நிறுவுதற்கு மண்டையோட்டினுள்ளே நிகழ்வதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

நீர் இறைத்துத் தோட்டஞ் செய்த குடியிற் பிறந்தார்க்கு இது கடினமன்று. தொட்டியின் நீர்மட்டம் பாத்தியின் மட்டத்திலும் எவ்வளவு உயர்ந்துள்ளதோ, அவ்வளவுக்கே வாய்க்காலில் ஓட்டம் உண்டு. தொட்டி நிறைந்திருப்பினும் பாத்தி மேடிட்டுவிட்டால் நீர் ஏறாது. பாத்தி பள்ளமாயிருப்பினும் தொட்டி வற்றிவிட்டால் நீர் வாராது. மூளைக்குக் குருதி செல்வதும் இவ்வாறே. இதயம் நாடிகளிற் குருதியைத் தள்ளும் அமுக்கம் ஒன்று. மண்டையோட்டினுள் அதனை எதிர்த்து நிற்கும் அமுக்கம் மற்றொன்று. முன்னையதன் சராசரியிலிருந்து பின்னையதைக் கழித்தால் எஞ்சுவதே மூளைக்குக் குருதியை ஊட்டும் அமுக்கம். இதனை மூளைக் குருதியூட்டமுக்கம் என்று வழங்குவாம். சுருக்கமாக ஊட்டமுக்கம் எனினும் அமையும்.

மண்டையோடு எலும்பாலாகிய மூடிய பேழை. அதனுள்ளே மூளை, குருதி, மூளையைச் சூழ்ந்து நிற்குந் தெளிந்த பாய்பொருள் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. பேழை விரியாதாகையால் இம்மூன்றில் ஒன்று மிகின் மற்றவை குறைந்து இடங்கொடுத்தல் வேண்டும். இடங்கொடுக்க இயலாத நிலை வந்ததும் உள்ளமுக்கம் விரைந்தேறும். ஸ்கொத்லாந்திலே அலெக்சாந்தர் மன்றோ 1783இலும் ஜோர்ஜ் கெலி 1824இலும் வெளியிட்ட கருத்து இதற்கு அடிப்படை. காயத்தால் மூளை வீங்கினாலும், குருதி கசிந்து கட்டிபட்டாலும் நிகழ்வது இஃதே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் பரிசோதனைகள் செய்தார். மண்டையக அமுக்கம் ஏற ஏற, உடல் தானாகவே குருதியமுக்கத்தை உயர்த்தி ஈடுகொடுப்பதை அவர் கண்டார். பாத்தி மேடிட்டமை கண்டு தொட்டியை உயர்த்துகின்ற செயல் இது. ஆகவே, தலைக்காயம் பட்டவரின் 'பிறஷர்' ஏறிவிட்டதென்று கேட்ட மாத்திரத்தே, குறைப்பதற்கு மருந்து கொடுக்கவில்லையே என்று வைத்தியரோடு வாதுக்கு நிற்கும் உறவினர் சற்றுப் பொறுத்தல் நன்று. அவ்வேற்றம், மூளை தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் போராட்டமாகவும் இருக்கலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நலமுள்ள வளர்ந்தோர் ஒருவரின் குருதியமுக்கம் 120/80 என்க. கீழெண்ணோடு இரண்டெண்ணின் வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் சராசரி வரும். அஃது ஏறத்தாழ 93 மில்லிமீற்றர் இரசம். படுத்திருக்கும் வளர்ந்தோரின் மண்டையக அமுக்கம் இயல்பாக 7 முதல் 15 வரை இருக்கும். அதனை 10 என்று கொண்டால் ஊட்டமுக்கம் 83. மூளை வீங்கி மண்டையக அமுக்கம் 35 ஆயின், கையிற் கட்டிப் பார்க்கும் அமுக்கம் சிறிதும் மாறாதிருந்தும் ஊட்டமுக்கம் 58 ஆகிவிடுகின்றது. அதனோடு தொடையெலும்பும் முறிந்து, குருதி பெருகி, சராசரி 70க்கு இறங்கிவிட்டதெனின் எஞ்சுவது 35 மாத்திரமே. கையில் எடுக்கும் எண் ஒன்றைக் கேட்டு ஆறுதலடைவதும் அஞ்சுவதும் பொருந்தாமை இதனால் விளங்கும்.

இனி, ஊட்டமுக்கம் சிறிது கூடினால் ஓட்டமும் கூடிவிடும், குறைந்தால் உடனே குறைந்துவிடும் என்று எண்ணலாகாது. நலமுள்ள மூளையின் நுண்ணாடிகள் அமுக்கம் குறையும்போது விரிந்தும், கூடும்போது சுருங்கியும் ஓட்டத்தை ஏறத்தாழ ஒரேயளவில் வைத்திருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் லாசன் 1959இல் எழுதிய ஆய்வுரை இதற்குப் பெயர் பெற்றது. அதனின்றும் எழுந்த கோட்டுப்படத்தை வைத்திய மாணவர் இன்றும் வரைகின்றனர். வளர்ந்தோரின் மூளையில் 100 கிராமுக்கு நிமிடந்தோறும் 50 மில்லிலீற்றர் அளவான குருதி ஓடுகின்றது. அது 20 அளவுக்கு இறங்கின் மூளையின் தொழில் குன்றும். 10 அளவுக்கு இறங்கின் கலங்கள் மடியும். இத்தற்சீராக்கம் இருக்கும்வரை மூளை விழிப்புள்ள வாய்க்காற் காவலனை உடையது. பலத்த காயம் அக்காவலனையே வீழ்த்திவிடக் கூடும். வீழ்ந்தபின் அமுக்கம் குறைந்தாற் பஞ்சம், கூடினால் வெள்ளம்.

1960இல் சுவீடனைச் சேர்ந்த நீல்ஸ் லுண்ட்பேர்க், மூளையின் அறைகளுள் நுண்குழாய் செலுத்தி மண்டையக அமுக்கத்தை இடைவிடாது பதியும் முறையை விரிவாக வெளியிட்டார். ஊட்டமுக்கத்தைப் படுக்கையருகே எண்ணாக அறிவது அதன்பின் கைகூடிற்று. எண் கைக்கு வந்தால் அதற்கோர் இலக்கும் வேண்டுமல்லவா? 1995இல் அமெரிக்காவில் றோஸ்னர் என்பாரும் அவர் குழுவினரும், ஊட்டமுக்கத்தை 70க்குக் குறையாமற் காத்துவந்த சிகிச்சையால் நற்பேறு கிடைத்ததென எழுதினர். அக்காலத்து அமெரிக்க வழிகாட்டியும் 70 என்றே கூறிற்று. பலர் அவ்வெண்ணை மந்திரம்போற் கொண்டனர். 1999இல் கிளோடியா றொபேட்சன் குழுவினர் நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, 70க்கு மேல் வைக்க முயன்ற பிரிவினரின் இறுதிப் பேறு மேம்படவில்லை; நுரையீரல் பழுதுற்று மூச்சுத் தடைப்படுங் கொடுமையோ ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று. தொட்டியை உயர்த்தக் கொடுத்த மருந்தும் பாய்பொருளும் வேறோரிடத்தை உடைத்தன போலும். பின்னர் வழிகாட்டியின் இலக்கும் இறங்கிற்று: 2007இல் 50 முதல் 70 வரை, 2016இல் 60 முதல் 70 வரை. விஞ்ஞானம் தன் எண்ணைத் தானே திருத்திக்கொள்வதைக் கண்டு, 'இவர்களுக்கே தெரியவில்லை' என்று நகைப்பாரும் உளர். திருத்தாத நூலைவிடத் திருத்திய பதிப்பே எமக்கு உவப்பு.

இவ்வெண்களெல்லாம் வளர்ந்தோர்க்குரியன. குழந்தைக்கு எது? இரண்டு வயதுக் குழந்தையின் குருதியமுக்கம் 90/55 அளவில் இருத்தல் இயல்பு. சராசரி 67; மண்டையக அமுக்கம் 5 எனின் ஊட்டமுக்கம் 62. வளர்ந்தோருக்கு முன்னர் விதித்த 70 என்னும் இலக்கை இக்குழந்தைக்கும் விதிப்போமாயின், மண்டையக அமுக்கத்தைச் சூனியமாக்கினாலும் அவ்விலக்கை எட்ட முடியாது. நோயில்லாக் குழந்தையும் அக்கணக்கில் நோயாளியாகிவிடும். மறுதலையாக, அக்குழந்தைக்கு அமையும் 45 வளர்ந்தோருக்குப் பஞ்சம். எண் சிறிதாகையால் தேவையும் சிறிதெனக் கொள்வது அதனினும் பெரும் பிழை. நிறைக்கு நிறை நோக்கின், ஐந்து வயதளவில் குழந்தை மூளையின் குருதியோட்டம் வளர்ந்தோருடையதன் இரு மடங்கை அண்மிக்கின்றது. குறைந்த அமுக்கத்திலே மிகுந்த ஓட்டம். இதுவே குழந்தையின் நிலை. வளர்ந்தோரைச் சுருக்கி எழுதிய பிரதி அன்று குழந்தை.

எமது பிள்ளைத்தமிழ்ப் புலவர் குழந்தைப் பருவத்தை ஒன்றாகக் கொள்ளவில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழாக வகுத்து, ஆண்பாற்கும் பெண்பாற்கும் வெவ்வேறாக மும்மூன்று சேர்த்துப் பத்தாக்கினர். தலையெடுத்து முகமசைக்குஞ் செங்கீரையும், கைகொட்டுஞ் சப்பாணியும், தளர்நடையிடும் வருகையும் ஒன்றல்ல என்பதை உற்றுநோக்கி அறிந்தே வகுத்தனர். அவர்கள் வைத்தியஞ் சொல்ல வந்தவர்கள் என்று யாம் கூறவில்லை. அவ்வாறு பழம்பெருமை பேசுவது எமக்கு ஒவ்வாது. மாதத்துக்கு மாதம் மாறுகின்ற உயிரை ஓரெண்ணால் அளக்கலாகாது என்னும் பார்வையையே ஈண்டுக் குறிக்கின்றோம். வைத்திய உலகம் அப்பார்வையை ஊட்டமுக்க அளவிற் செலுத்தத் தொடங்கியது நெடுங்காலத்துக்கு முன்னன்று. நியூயோர்க் மாநிலத்தில் பலத்த தலைக்காயமுற்றோரின் பதிவுகளை வயதுவாரியாகப் பிரித்து நோக்கிய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. ஐந்து வயதுவரை 40க்கு மேலும், ஆறு முதல் பதினேழுவரை 50க்கு மேலும், வளர்ந்தோருக்கு 50 அல்லது 60க்கு மேலும் இலக்கு வைத்தல் பொருந்தும் என்பது அவர்கள் முடிபு. சிறுவருக்கென 2019இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, 40 என்பதைக் கீழெல்லையாக வைத்து, 40க்கும் 50க்கும் இடைப்பட்ட வரம்பிலே கைக்குழந்தைக்குக் கீழ்ப்பக்கமும் குமரப் பருவத்தாருக்கு மேற்பக்கமும் உரியன என்கின்றது. இவற்றுக்குக் கிடைத்த சான்று வலிமை குறைந்த தரத்தது என்பதையும் அது மறைக்கவில்லை.

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி திறந்திருப்பதனால் உள்ளே வீங்கினாலும் இடமுண்டு, ஆபத்தில்லை என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடிது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருகுவதற்கு இளந்தலை இடங்கொடுக்கும். மணிக்கணக்கில் விரைந்து வீங்குவதற்குக் கொடாது. அழாமல் அமைதியாக நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நிற்றல், திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடியாமை, எழுப்பினும் எழாத் தூக்கம் ஆகியவற்றைக் கண்ட தாய் விடியுமட்டும் காத்திருத்தல் ஆகாது. இன்னுமொன்று: சிறு குழந்தையின் உடலில் உள்ள குருதியே கொஞ்சம். தலைத்தோற் காயமொன்றிலிருந்து பெருகுவதே அதன் அமுக்கத்தை வீழ்த்தப் போதும். மடித்த துணியால் அழுத்திப் பிடித்தல், வைத்தியசாலை செல்லும்வரை எவரும் செய்யத்தக்க உதவி.

அளவுகளைப் பற்றி மேலும் ஒரு குறிப்பு. படுக்கையின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தியிருக்கும் வளர்ந்த நோயாளிக்கு, நாடியமுக்கத்தை இதய மட்டத்தில் வைத்து அளப்பதற்கும் காது மட்டத்தில் வைத்து அளப்பதற்கும் 10 முதல் 15 வரை வித்தியாசம் வரும். உடல் குறுகிய குழந்தையில் அது குறையும். ஆகவே ஏட்டில் 60 என்றிருப்பின், எங்கே வைத்து அளந்த 60 என்று கேட்டல் வேண்டும். எச்சத்தைக் கண்டவிடத்து முடிக்குஞ் சொல் யாதெனக் கேட்குமாறு எம் மாணாக்கருக்குச் சொல்லுவோம், இதுவும் அத்தகையதே.

முதியோரைப் பற்றிச் சொல்வதற்கே இக்கட்டுரையைத் தொடங்கினோம் எனினும் தகும். வயது செல்லச் செல்ல மூளை சிறிது சுருங்குகின்றது. மண்டையோட்டினுள் வெற்றிடம் கூடுகின்றது. எனவே காயமுற்ற முதியவரின் மண்டையக அமுக்கம் பெரும்பாலும் இளைஞருடையதைப்போல் ஏறுவதில்லை, குருதியமுக்கமும் உயர்ந்திருக்கும், கழித்துப் பார்த்தால் ஊட்டமுக்கம் அழகான எண்ணாகவே வரும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட முடிபுகள் இதனையே காட்டின: வயது கூடக் கூட மண்டையக அமுக்கம் குறைந்தது, ஊட்டமுக்கம் கூடியது, ஆயினும் தற்சீராக்கம் பழுதுற்றது, பேறும் நலிந்தது. எண் நன்றாயிருந்தும் காவலன் தளர்ந்துவிட்டான். பல்லாண்டு உயர் குருதியமுக்கம் உடையவர்களுக்கோ, அக்காவலன் தொழில் செய்யும் எல்லைகளே மேல்நோக்கி நகர்ந்துவிடுகின்றன. இதனை 1970களில் டென்மார்க் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இளைஞனின் மூளைக்கு அமையும் அமுக்கம் அத்தகைய முதியவரின் மூளைக்குப் போதாதிருக்கலாம்.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? முதியவருக்குக் குறைந்த கவனிப்புப் போதும் என்பதா? அதன் நேர்மாறு. முன்னர்க் கூறிய 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, தலைக்காயமுற்றோரின் மேலமுக்கம் எவ்வளவுக்குக் குறையலாகாது என்பதற்கு வயதுவாரியாக எல்லை வகுத்தது. 50 முதல் 69 வயதுவரை 100. 15 முதல் 49 வயதுவரை 110. எழுபது வயதைக் கடந்தவருக்கும் 110. பதினெட்டு வயது இளைஞனுக்குக் கேட்பதையே எழுபத்தைந்து வயதுக் கிழவிக்கும் கேட்கின்றது அந்நூல். நாம் வீட்டிலே கேட்பதுண்டா?

வயது கூடினால் உயிர்தப்பும் வாய்ப்புக் குறையும் என்பதை மறுப்பாரில்லை. பலத்த தலைக்காயத்தின் விளைவை முன்னறிவதற்கு வயது, உடலசைவு, கண்மணியின் ஒளியுணர்ச்சி ஆகிய மூன்றுமே முதன்மையானவை என்பது பல்லாயிரம் நோயாளரின் பதிவுகளால் நிலைநாட்டப்பட்டது. ஆனால் அக்குறைவு சரிவாக இறங்குவதே யன்றிப் படிபோல் ஓரிடத்தில் வெட்டுண்டு வீழ்வதன்று. அறுபதிலோ எழுபதிலோ அடைபடுகின்ற கதவு எதுவும் அவ்வாய்வுகளில் இல்லை. கதவை அடைப்பது நாமே. முற்றத்தில் வழுக்கி விழுந்த முதியவர் அன்று எழுந்து நடக்கின்றார். இரண்டு மூன்று வாரம் சென்றபின் தலையிடி, தடுமாற்றம், பேச்சுக் குழப்பம், ஒரு கை சோர்தல். 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று வீட்டார் பேசாதிருந்துவிடுகின்றனர். சுருங்கிய மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே இழுபட்டு நின்ற நுண்ணாளம் ஒன்று கிழிந்து, குருதி துளித்துளியாகக் கசிந்து தேங்கியிருக்கலாம். குருதி உறையாதிருக்க மருந்து உண்போருக்கு இது மேலும் எளிதில் நேரும். மண்டையோட்டிற் சிறு துளையிட்டு அதனை வடித்துவிட, அறளை என்றெண்ணிய குழப்பம் நீங்கி, பேரர் பெயரைப் பிழையின்றிச் சொல்லி எழுந்தமர்ந்த முதியோர் பலர். படமெடுத்துப் பார்த்தாலன்றி இதனை அறியவியலாது. 'வயதுதானே' என்ற ஒரு சொல் அப்படத்தை எடுக்கவிடாமற் செய்துவிடுகின்றது.

எல்லா முதியோரையும் இயந்திரங்களிற் பிணைத்து வைக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. 2016இல் வெளியான ஆய்வொன்றில், வேறு சிகிச்சைகளால் அடங்காத மண்டையக அமுக்கத்தைத் தணிக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றியபோது, ஆறாம் மாதத்தில் இறந்தோர் தொகை நூற்றுக்கு 49 அளவிலிருந்து 27 அளவுக்கு இறங்கிற்று. தப்பியவருள் உணர்வற்ற நிலையிற் கிடந்தோர் தொகையோ நூற்றுக்கு 2 அளவிலிருந்து 8க்கு மேல் ஏறிற்று. அவ்வாய்விற் சேர்ந்தோர் 65 வயதுவரையினரே என்பதும் கருதத்தக்கது. உயிர்தப்புதல் வேறு, மீண்டும் வாழ்தல் வேறு. எதுவரை செல்வது என்பதை வைத்தியரும் உறவினரும் கூடி, நோயாளி முன்னர் எவ்வாறு வாழ விரும்பினார் என்பதை நினைந்து துணிதல் வேண்டும். அத்துணிபுக்கு வயதும் ஒரு சான்று. ஒரே சான்றன்று.

இத்தனை கருவிகளும் எம்மூர் வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் உண்டோ என்று கேட்டு மனஞ்சோர்வார்க்கு ஒன்று சொல்வோம். பொலிவியாவிலும் ஈக்குவடோரிலும் 324 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு மண்டையினுட் கருவி வைத்து அமுக்கத்தை அளந்தனர். மற்றப் பிரிவினரைப் படங்களாலும் படுக்கையருகே செய்யும் பரிசோதனைகளாலும் கவனித்தனர். இரு பிரிவினரின் பேற்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி வீண் என்பதன்று இதன் பொருள். மணிக்கு மணி கண்விழித்துப் பார்க்கும் தாதியும் வைத்தியரும் ஒரு கருவிக்கு ஈடாக நின்றனர் என்பதே. கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜெனெற் இருவரும் 1974இல் வகுத்த உணர்வுநிலை அளவுகோலுக்குக் கருவியே தேவையில்லை. கண் திறத்தல், பேசுதல், உடலசைத்தல் என்னும் மூன்றுக்கும் புள்ளியிட்டு 3 முதல் 15 வரை கூட்டுவர். பேச்சறியாக் குழந்தைக்கு அதன் பேச்சுப் பகுதியைப் பின்னையோர் மாற்றியமைத்தனர் என்பதைக் காணும்போது, பருவபேதம் இங்கும் தலைகாட்டுவதைக் காண்கின்றோம்.

மாணவமணிகளுக்கு ஒரு சொல். மேற்கூறிய சிகிச்சைகள் எல்லாம் இரண்டாவது காயத்தைத் தடுப்பதற்கே. வீதியில் மோதிய கணத்தில் ஏற்பட்ட முதற்காயத்தை எவ்வமுக்கமும் மீட்டுத் தாராது. தலைக்கவசம் மோட்டார்ச் சைக்கிளோட்டிகளின் இறப்பை நூற்றுக்கு 42 அளவிலும் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவிலும் குறைக்கின்றது என்பது, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட கணிப்பு. அது தலையிற் கிடந்து நாடிப்பட்டி பூட்டியிருந்தால் மாத்திரம், கைபிடியிற் கொழுவியிருந்தாலன்று. தந்தை கவசம் தரித்து, தாய் கவசம் தரித்து, இருவருக்கும் முன்னே எண்ணெய்த் தாங்கியின் மேற் குந்தியிருக்கும் மூன்று வயதுப் பாலகன் வெறுந்தலையனாய்ச் செல்வதை எமது வீதிகளில் நாடோறுங் காண்கின்றோம். மூவருள்ளும் குறைந்த அமுக்கத்தில் மிகுந்த குருதியை வேண்டி நிற்கும் தலை அதுவேயாம்.

இறுதியாக, வைத்தியர்களாய் விளங்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே வாங்கிற் குந்தியிருப்பவர்களுக்கு உங்கள் எண்கள் விளங்குவதில்லை. ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் மூன்றைச் சொல்லி நீங்கள் உள்ளே சென்றதும், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். தமிழ் இதற்குப் போதாது என்பீராயின் அது பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தமிழ் கற்று, மானிப்பாயில் எம்மவர்க்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்கினார். பிறநாட்டார் ஒருவர்க்கு அன்று இயன்றது, இம்மண்ணிற் பிறந்து இக்கல்லூரியிற் கற்ற உங்களுக்கு இயலாதோ? குருதியமுக்கம், மண்டையக அமுக்கம், இரண்டின் வித்தியாசமாகிய ஊட்டமுக்கம் என்னும் மூன்று சொற்களை ஒரு தாளில் அச்சிட்டு, கைக்குழந்தை, பள்ளிப்பிள்ளை, வளர்ந்தோர், முதியோர் என நான்கு பருவங்களுக்கும் தனித்தனியே கவனிக்க வேண்டிய குறிகளை அடியில் எழுதிக்கொடுத்தால் போதும். எழுதித் தருவீராயின், பிழை திருத்தவும் நடையை எளிதாக்கவும் யாமும் எமது மேல்வகுப்பு மாணவரும் ஆயத்தமாயிருக்கின்றோம். தாளுக்கும் அச்சுக்கும் ஆகுஞ் செலவைப் பழைய மாணவர் சங்கம் அடுத்த கூட்டத்திலேயே எடுத்து ஆராயலாம்.